கையில் ஒரு கட்டி



ஐதராபாத் நகரில் சார்மினார் இருக்கிறது. அதன் பக்கத்தில் லாட் பஜார். அரக்கு வளையலுக்குப் பேர்போன கடைத்தெரு அது. அரக்கை நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். வளையலாக வளைக்க வேண்டும். சின்னச் சின்னக் கற்களை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். எல்லாம் கைவேலை. விரலில் உணர்வு இல்லாவிட்டால் கல் பதியாது. சூடும் தெரியாது.

அப்படி வளையல் செய்யும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு கட்டி. பட்டாணி அளவுதான். சும்மா இருந்தால் வலி இல்லை. எதிலாவது இடித்தால், விரல் வரைக்கும் சுரீர் என்று ஷாக் அடிக்கிறது.

"சுளுக்குதான். உருவி விட்டால் போய்விடும்" என்கிறார் ஒருவர். "கீறி எடுத்துவிடு" என்கிறார் இன்னொருவர். "புற்றுநோயோ என்னவோ!" என்று பயமுறுத்துகிறார் மற்றொருவர். அவள் யார் பேச்சைக் கேட்பது?

முதலில் நரம்பைத் தெரிந்துகொள்வோம். கையில் பச்சையாகத் தெரிவதை நரம்பு என்று சொல்கிறோம். அது நரம்பு அல்ல. ரத்தக் குழாய். உண்மையான நரம்பு உள்ளே இருக்கிறது. அது மின்சாரக் கம்பி மாதிரி. தொடு உணர்வை மூளைக்குக் கொண்டு போகிறது. மூளையின் கட்டளையைக் கைக்குக் கொண்டு வருகிறது.

மின்கம்பிக்கு மேலே உறை உண்டு அல்லவா? நரம்பு இழைக்கும் உறை உண்டு. அதைச் செய்பவை மிகச் சிறிய செல்கள். இவற்றின் பெயர் ஷ்வான் செல்கள். ஜெர்மனி நாட்டு அறிஞர் தியோடர் ஷ்வான் (1810–1882) பெயரால் வந்தது. இந்தச் செல்கள் எப்போதாவது அளவுக்கு மீறிப் பெருகும். கட்டி ஆகும். அதுதான் ஷ்வானோமா.

கையில் வரும் கட்டிகளில் நீர்க்கட்டியே அதிகம். நரம்புக் கட்டி அபூர்வம். அதனால் இதையும் நீர்க்கட்டி என்று நினைத்து ஏமாறுவது உண்டு. ஷ்வானோமா புற்றுநோய் அல்ல. மெதுவாக வளரும். வேறு இடத்துக்குப் பரவாது. அது புற்றாக மாறுவது மிக மிக அரிது.

மருத்துவர் கட்டியை அசைத்துப் பார்ப்பார். நரம்புக் கட்டி பக்கவாட்டில் நகரும். மேலும் கீழும் நகராது. மெல்லத் தட்டினால் விரலில் ஷாக் அடிக்கும். பிறகு ஸ்கேன் எடுப்பார்கள்.

கட்டி நரம்போடு ஒட்டியது. தெரியாதவர் கீறினால் நரம்பே அறுந்துவிடலாம். விரல் மரத்துப் போகும். பிடித்த பொருள் நழுவும். தேர்ந்த மருத்துவர் உறையைக் கவனமாகத் திறப்பார். நுங்கு எடுப்பது போலக் கட்டியை மட்டும் எடுப்பார். பெரும்பாலும் நரம்பு தப்பிவிடும். சிலருக்குக் கொஞ்ச நாள் மரத்திருக்கும். வேறு வகை நரம்புக் கட்டிகளும் உண்டு. அவற்றில் சில, நரம்பு இழைகளோடு பின்னிக் கிடக்கும். தொல்லை இல்லாவிட்டால், அதை எடுக்காமல் கவனித்து வருவதும் உண்டு. எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்புவார்கள். அதன் முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

கத்தி என்றால் பயமா? அந்தப் பயத்தைப் போக்க இதே ஐதராபாத்திலும் பாடுபட்டார்கள். மயக்க மருந்தான குளோரோஃபார்மை ஆபத்தில்லாமல் கொடுப்பது எப்படி? எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் முயற்சியால் 1888, 1889-ஆம் ஆண்டுகளில் இங்கே ஆய்வுகள் நடந்தன. அந்தக் காலம் போய்விட்டது. இன்று கையை மட்டும் மரக்கச் செய்தும் அறுவை செய்கிறார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தோலில் நிறம் மாறிய தேமல். அங்கே தொட்டால் உணர்வு இல்லை. அல்லது முழங்கையில் நரம்பு தடித்திருக்கிறது. இது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும். தாமதித்தால் கை மடங்கிப் போகலாம்.

அந்த வளையல்காரப் பெண் என்ன செய்ய வேண்டும்? உருவக் கூடாது. கீறக் கூடாது. பயந்து மறைக்கவும் கூடாது. அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். "கட்டி இருக்கிறது. தட்டினால் விரலில் ஷாக் அடிக்கிறது" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை மருத்துவருக்கு வழி காட்டும்.

உழைக்கும் கை அது. வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கையால்தான். அதைக் காப்பாற்றுவோம்.