திரையில் பாதி, இசைத்தட்டில் மீதி

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "பின்னணி இசை படத்துக்காகப் பிறந்தது. அதைத் தனியாக் கேட்கிறது, சாம்பாரை விட்டுட்டுப் பெருங்காயத்தைத் தின்கிற மாதிரி" என்றார். (சிரிப்பு)

சரிங்க ஐயா. ஆனால் திரையில் என்ன நடக்குது? கதாநாயகன் பேசுறார், கார் உறுமுது, கதவு அடிக்குது. அத்தனைக்கும் அடியிலே மாட்டிக்கிட்டு வயலின் மூச்சுத் திணறுது!

1982-இல் 'பிளேட் ரன்னர்' என்ற ஆங்கிலப் படம் வந்தது. இசை, வாங்கெலிஸ். அந்த ஆண்டு கடைக்கு வந்த தட்டிலே இருந்தது அவர் வாசிப்பா? இல்லை, வேறொரு குழு வாசித்தது! அவருடைய சொந்த ஆல்பம் வந்தது 1994-இல். அதிலும் சில இடங்களில் படத்தின் வசனம் கலந்திருந்தது. அதுவரை வெளிவராத பகுதிகள் 2007-இல்தான் வந்தன. படம் பார்த்தாலே போதும் என்றால், ரசிகன் எதுக்குய்யா இருபத்தைந்து வருஷம் காத்திருந்தான்? (கைதட்டல்)

2009-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில், 'பழசிராஜா'வின் பின்னணி இசைக்காகவே இளையராஜா விருது பெற்றார். நாடே தனியா மதிச்ச கலையை நாம தனியாக் கேட்கக் கூடாதா?

நம்ம ஊரில் பாட்டு மட்டும் தவறாமல் வெளிவரும். பின்னணி இசை பெரும்பாலும் படத்துக்குள்ளேயே தங்கிவிடும். மூலப்பதிவு கெட்டுப்போனால், வசனத்துக்கு அடியில் இருப்பதுதான் மிச்சம். இசைத்தட்டு கேட்பது ஆடம்பரம் இல்லை, நடுவர் அவர்களே. அந்தக் கலைஞனின் உழைப்பைக் காப்பாற்றும் வழி! (கைதட்டல்)