குழாய் நீரில் பிழைக்கும் தேரை

இன்னைக்கு நாம தான்சானியாவுக்குப் போறோம். அங்க உட்சுங்வா மலைத்தொடர்ல கிஹான்சின்னு ஒரு ஆறு, செங்குத்தான பள்ளத்தாக்குக்குள்ள அருவியா விழுது. விழுற வேகத்துல கிளம்புற சாரல், பக்கத்துப் பாறைச் சரிவை வருஷம் முழுக்க நனைச்சுக்கிட்டே இருந்தது. அப்படி நனைஞ்ச இடம் மொத்தமே சுமார் ரெண்டு ஹெக்டேர். அஞ்சு ஏக்கர்னு வச்சுக்கோங்க.

கிஹான்சி சாரல் தேரைக்கு உலகமே அந்த அஞ்சு ஏக்கர்தான். மஞ்சள் நிறம். நல்லா வளர்ந்த பெண் தேரையே மூணு சென்டிமீட்டருக்குள்ளதான். தண்ணியில முட்டை போடுறது, தலைப்பிரட்டை, வால் உதிர்றது எதுவும் கிடையாது. நேரா குட்டி போடும். குட்டி ஒவ்வொண்ணும் அஞ்சு மில்லிமீட்டர்!

இதை அறிவியல் உலகம் பார்த்ததே 1996-லதான். அந்த ஆத்துல 180 மெகாவாட் நீர்மின் நிலையம் கட்டுற வேலை அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. உலக வங்கிக் கடன், வேலை பாதி நடந்தாச்சு, இப்போ போய் ஒரு தேரை. மின்சாரம் அந்த நாட்டுக்கு எவ்வளவு அவசியம்னு யோசிச்சா "அணையை நிறுத்து"ன்னு இங்க உட்கார்ந்து சொல்றது ரொம்ப ஈசி. என்னால அப்படிச் சொல்ல முடியல. ஆனா கட்டுறதுக்கு முன்னாடி நடக்க வேண்டிய ஆய்வு, கட்டும்போது நடந்திருக்கு. அங்கதான் எனக்குக் கோபம்.

2000-ல மின் நிலையம் ஓட ஆரம்பிச்சதும் அருவிக்குப் போற தண்ணியில சுமார் 90 சதவீதம் திருப்பிவிடப்பட்டது. சாரல் நின்னுபோச்சு. அந்த வருஷக் கடைசியில 499 தேரைகளைப் பிடிச்சு அமெரிக்காவுக்கு, நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுபோனாங்க. நம்ம பாஷையில பேக்கப்.

பள்ளத்தாக்குல என்ன பண்ணாங்க தெரியுமா? ஸ்பிரிங்க்ளர் போட்டாங்க. மேல இருந்து குழாய்ல தண்ணி இறக்கி, பூவாளி மாதிரி தெளிக்கிற ஏற்பாடு. எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிச்சது, ஏன்னா அது வேலை செஞ்சது. 2003 நடுவுல தேரைகள் 20,000 பக்கம் இருக்கும்னு கணக்கு.

அடுத்த சில மாசத்துல எல்லாம் சரிஞ்சது. 2004 ஆரம்பத்துல தேடினவங்க கண்ணுல பட்டதை விரல் விட்டு எண்ணிடலாம். முக்கியமா சந்தேகப்படுறது கைட்ரிட்ங்கிற பூஞ்சையை. தேரைக்குத் தோல்தான் தண்ணி உள்ள போற வழி, உடம்புல உப்பை நிதானமா வச்சிருக்கிறதும் அதுதான். பூஞ்சை அந்தத் தோலைக் கெடுக்கும். உப்பு குறையும், கடைசியில இதயம் நின்னுடும். ஸ்பிரிங்க்ளர் கொஞ்ச நாள் ஓடாம போனது, அணையைக் கழுவிவிட்டப்போ வந்த பூச்சிமருந்து, இதையும் சிலர் சொல்றாங்க. ஒரே ஒரு காரணத்தைக் கைகாட்ட முடியாது.

பேக்கப் கதையும் சுகமா இல்ல. கூண்டுக்குள்ளயும் செத்துக்கிட்டே இருந்து, ஒரு கட்டத்துல நூறுக்கும் கீழ இறங்கிடுச்சு. வெளிச்சம், சாப்பாடு, ஈரப்பதம்னு ஒவ்வொண்ணா சரிபண்ணி பிராங்க்ஸும் ஒஹையோவுல இருக்கிற டொலிடோ மிருகக்காட்சிசாலையும்தான் இதை மறுபடி பெருக்கினாங்க. இதுக்கிடையில 2009-ல ஐயுசிஎன் 'காட்டில் அழிந்துவிட்டது'ன்னு அறிவிச்சது. 2010-ல நூறு தேரைகள் டார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்துச்சு. 2012-ல ரெண்டாயிரத்துக்கும் மேல அதே பள்ளத்தாக்குல விட்டாங்க. காட்டுல அழிஞ்சதா அறிவிச்ச ஒரு நீர்நில வாழ் உயிரினத்தை, சொந்த இடத்துக்கே திருப்பி விட்டது அதுதான் முதல் தடவை.

அதனால இது ஜெயிச்ச கதையான்னு கேட்டா, எனக்கு அரைச் சம்மதம்தான். பூஞ்சை இன்னும் அங்க இருக்கு. அருவி பழைய அருவி இல்ல. தேரை வீட்டுக்கு வந்துடுச்சு, ஆனா அந்த வீட்டுல மழை குழாய் வழியாத்தான் பெய்யுது. குழாய்ல அடைப்பு வந்தா எடுக்க ஒருத்தர் மலையேறணும். அவருக்குச் சம்பளம் வருஷா வருஷம் யாராவது தரணும்.