சீமைக் கருவேலும் தில்லிக் காடும்



கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது மானாமதுரையைத் தாண்டியதும் இருப்புப் பாதையின் இருமருங்கிலும் சீமைக் கருவேலைக் காண்கிறோம். "இது என்று ஒழியுமோ" எனச் சலித்துக்கொள்கிறோம். அதனை அகற்றும்படி 2017ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டதையும் அறிவோம். ஆனால் தில்லிக்குத் திரும்பியதும் ரிட்ஜ் காட்டின் பசுமையைக் கண்டு மகிழ்கிறோம். அப்பசுமையிற் பெரும்பகுதி அதே மரந்தான்! இங்கே அதன் பெயர் விலாயதி கீக்கர். விலாயதி என்றாலும் சீமை என்றாலும் பொருள் ஒன்றே.

அமெரிக்கக் கண்டத்து மரமாகிய இதனை, புதுதில்லி எழுந்த காலத்தில் பாறை நிலத்தை விரைவிற் பசுமையாக்க ஆங்கில அரசினர் நட்டனர். கால்நடைகள் காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பின. ஆரவல்லிக்கே உரிய தௌ, சலாய், கருங்காலி, புரசு முதலிய மரங்கள் ஒதுங்கின. வெளியூரிலிருந்து வந்தது குற்றமன்று, நாமும் வந்தவர்களே. பிறருக்கு இடம் விடாமையே அதன் குற்றம்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிடலாமே எனச் சிலர் கேட்பர். வெட்டிய அடிமரம் மீண்டும் பல கிளையாய்த் துளிர்க்கும். வெறும் நிலத்தில் அதன் விதையே முந்தி முளைக்கும். இதற்குப் பேராசிரியர் சி. ஆர். பாபு காட்டிய வழி வேறு. மேற்கிளைகளை மட்டும் கழித்து வெயிலை உள்ளே விடவேண்டும்; கீழே உள்நாட்டு மரக்கன்றுகளையும் புற்களையும் வளர்க்கவேண்டும். அவை ஓங்கி நிழலிட்டால் கீக்கர் தானே நலியும். உண்ணிச்செடியையோ, மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரை வெட்டித் தலைகீழாய்க் கவிழ்த்துவிடவேண்டும். வசந்த் விஹார் அருகே, முன்னர்ச் சுரங்கப் பள்ளங்களாய்க் கிடந்த நிலம் இத்தகைய உழைப்பால் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவாயிற்று. ஒரு ஞாயிறு குழந்தைகளோடு சென்று காணுங்கள்.

நம் கடமை யாது? கிளை கழிக்கும் ஆட்களைக் கண்டதும், "காட்டை அழிக்கிறார்கள்" என்று கூச்சலிடாதிருப்போம். முழுதும் வெட்ட முனைவோரை, "அடுத்து என்ன நடுவீர்கள்? மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?" என்று கேட்போம். மரம் நடுவிழாவில் படம் பிடித்துக்கொள்வது ஒரு நாள் வேலை. கன்றைக் காப்பது பல்லாண்டு வேலை. நம் காலனியின் ஓரத்தில் இவ்வாண்டு மழைக்காலத்தில் ஐந்து புரசுக் கன்றுகளேனும் நட்டு, வீட்டுக்கு ஒரு முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுவோம்.

நாம் பிறந்த மண் வேறாயினும், நம் குழந்தைகள் பிறந்த மண் இது. அதற்குரிய மரங்களை அதற்கே மீட்டுத் தருவது நாம் செலுத்தவேண்டிய நன்றியாகும்.