எடை மெஷினும் ஏற்காடு ஏத்தமும்

போன டிசம்பர்ல ஏற்காடு போயிருந்தேன். அதுக்கு முன்னாடி நாலு மாசம் அரைப்பட்டினி கிடந்து 9 கிலோ குறைச்சிருந்தேன். பழைய ஜீன்ஸ் இடுப்புல நிக்கல, எனக்குப் பெருமை தாங்கல. அந்த ஜோர்ல ஏரிக்கரையிலிருந்து சேர்வராயன் கோயிலுக்கு நடந்தே போகலாம்னு கிளம்பிட்டேன். கோயில் இருக்கறது 1,600 மீட்டர் உயரத்துக்கு மேல. பாதி ஏத்தத்துலேயே மூச்சு முட்டி, ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்.

அப்போ காபித் தோட்டத்துல வேலை முடிச்சு ஒரு அம்மா வந்தாங்க. வயசு அறுபது இருக்கும். நல்லா பூசின உடம்பு, தோள்ல ஒரு மூட்டை. போன்ல பேசிக்கிட்டே ஏறினவங்க, என்னைப் பார்த்து "ஏந்தம்பி, தண்ணி வேணுமா?"ன்னு கேட்டுட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தபடியே போயிட்டாங்க.

திரும்பி வர சேலம் பஸ். 20 கொண்டை ஊசி வளைவு. டிரைவர் உட்கார்ந்தே இருக்கார், கண்டக்டர் முன்னும் பின்னும் நடக்கிறார். இதே ஜோடியை வெச்சுத்தான் லண்டன்ல ஜெரி மாரிஸ்ங்கற டாக்டர் 1953-ல ஓர் ஆய்வு வெளியிட்டார். மாடி பஸ்ல நாளெல்லாம் படியேறி இறங்கின கண்டக்டர்களுக்கு, டிரைவர்களைவிட மாரடைப்பு குறைவு. 'டிரைவருக்குத் தொப்பை, அதான்'னு தோணுதா? மாரிஸுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. சீருடை பேன்ட்டோட இடுப்பளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களுக்கு இடுப்பு பெருசுதான். ஆனா ஒல்லியோ குண்டோ, கண்டக்டருக்கு ஆபத்து குறைவாத்தான் இருந்தது.

பட்டினி கிடந்தா கொழுப்போட தசையும் கரையும். சாப்பிட்ட பிறகு ரத்தத்துல ஏர்ற சர்க்கரையைப் பெருமளவு இழுத்துக்கறதே தசைதான். மெஷின் ரெண்டையும் ஒரே கிலோவாத்தான் காட்டும். எடையே முக்கியமில்லைன்னு சொல்ல வரல. முட்டி வலி, சர்க்கரைன்னு டாக்டர் குறைக்கச் சொன்னா குறைக்கணும்.

நான் இப்போ ஆபீஸ்ல லிஃப்டை விட்டுட்டு ஆறு மாடி ஏறுறேன். வாரத்துல ரெண்டு நாள் ஸ்குவாட், தண்டால். போன 9 கிலோவுல 5 திரும்பி வந்துடுச்சு. "இப்பதான்டா மூஞ்சியில களை வந்திருக்கு"ங்கறாங்க எங்கம்மா, அது வேற கதை. ஆனா ஆறாவது மாடியில போன் அடிச்சா, நிக்காமலே எடுத்துப் பேச முடியுது. வர்ற டிசம்பர்ல அதே ஏத்தம் ஏறப் போறேன். அந்த அம்மா வந்தா, கூடவே பேசிக்கிட்டு நடக்கணும்.