விளைத்தவருக்கே உரிமை



தன்னலம், தனிமனித உரிமை, சந்தைச் சுதந்திரம் மூன்றையும் அறத்தின் பக்கம் நின்று பேச ஓர் அவை கூடியிருப்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. கோட்பாடுகளை அமர்வுகளில் கேட்கப்போகிறீர்கள். நான் 1952 ஜூன் மாதம் சென்னை ராஜ்யத்தில் நடந்ததைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது, ரேஷன் வந்தது. போர் முடிந்தும் அது போகவில்லை. பட்டணத்தார் கார்டும் பையுமாக வரிசையில் நின்றார்கள். கிராமத்தில் உழவர், சர்க்கார் குறித்த விலைக்குத் தம் நெல்லை அளந்து கொடுக்க வேண்டும். ஒரு மூட்டை மாவட்ட எல்லையைத் தாண்டவும் பெர்மிட் வேண்டும். தாம் விதைத்து, தண்ணீர் பாய்ச்சி, அறுத்து, தூற்றிய நெல்லை நல்ல விலை கிடைக்கும் ஊருக்கு வண்டி கட்டிக் கொண்டுபோனவருக்குக் கடத்தல்காரர் என்று பெயர்.

அந்த ஜூனில் முதலமைச்சர் ராஜாஜி ரேஷனை நீக்கினார். பஞ்சம் வரும், விலை எகிறும் என்று பலர் அஞ்சினார்கள். மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். அஞ்சியது நடக்கவில்லை. பதுங்கியிருந்த நெல் கடைக்கு வந்தது.

பொருளாதார நூல்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. விலை ஏறவில்லை, ஆகவே முடிவு சரி என்கின்றன. எனக்கு அது போதவில்லை. அடுத்து வந்த நல்ல விளைச்சலும் கைகொடுத்தது என்பதை மறுக்க முடியாது. விளைச்சல் பொய்த்திருந்தால் உழவரின் உரிமையும் பொய்த்துப்போயிருக்குமா? பசித்தவருக்குச் சோறு போடுவது அரசின் கடமைதான். அதற்கான செலவை நாடு முழுவதும் வரியாகச் சுமக்கலாம். விளைத்தவர் ஒருவர் தலையில் மட்டும் அதை ஏற்றுவதில் என்ன நியாயம்?

மகளுக்குக் கல்யாணம் செய்யவும் கடனை அடைக்கவும் கூடுதல் விலை தேடுபவரைப் பேராசைக்காரர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெர்மிட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரிக்குத் தன்னலம் இல்லையா? இருவருக்கும் உண்டு. ஆனால் உழவரின் தன்னலம் வாங்குபவர் மனமொத்துச் சரி என்று சொன்னால்தான் நிறைவேறும். அதிகாரிக்கு யார் சம்மதமும் தேவையில்லை. சம்மதத்தைக் கேட்டு நிற்கும் தன்னலம் அறத்துக்கு உட்பட்டது. சந்தையை நான் ஆதரிப்பதற்கு முதற்காரணம் இதுதான். செழிப்பு அதற்குப் பின்னால்தான்.

இதே ராஜாஜி 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தையும் இந்த அவை பேசியாக வேண்டும். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றது அது. குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்துப் போராடினார். பெரியார் பக்கமே நியாயம் என்பது என் தீர்ப்பு. நெல்லை எங்கே விற்பது என்று உழவர் தீர்மானிக்கலாம் என்றால், தன் உழைப்பை எந்தத் தொழிலில் போடுவது என்று சலவைத் தொழிலாளியின் மகனும் தீர்மானிக்கலாம். உரிமை தனிமனிதருக்கு உரியது. குலத்துக்கு அதில் பங்கில்லை. ராஜாஜி 1954இல் பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். சுதந்திரச் சந்தையின் ஆதரவாளர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால்தான் ஏழை எளியவர்கள் நம் பேச்சை நம்புவதில்லை.

நெல்லைப் போலவே நிலத்தின் மீதும் உழவருக்கு உரிமை உண்டு. 1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். கூட்டுறவுப் பண்ணை வேண்டும் என்ற நாகபுரி காங்கிரஸ் தீர்மானம் அதற்கு ஓர் உடனடிக் காரணம். 1967இல் அக்கட்சி மக்களவையில் 44 இடங்கள் பெற்றது, பிறகு கரைந்துபோனது. அரசியலமைப்பின் 1978ஆம் ஆண்டு 44ஆம் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. இன்று அது 300ஏ பிரிவின்கீழ் அரசியலமைப்பு தரும் உரிமை மட்டுமே, அடிப்படை உரிமை அல்ல. நிலத்தை இழந்தவர் அடிப்படை உரிமை பறிபோனது என்று 32ஆம் பிரிவின்கீழ் நேரே உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடியாது. அந்தத் திருத்தத்தால் யாருக்கு நன்மை, சிறு நிலம் வைத்திருப்பவருக்கா, நிலம் கேட்டு வரும் பெரிய கைகளுக்கா? முதல் அமர்வின் கட்டுரைகள் இதைத்தான் எடுத்துக்கொள்கின்றன. ஆய்வாளர்கள் மேடைக்கு வரலாம்.