பாட்டனா, பங்காளியா?

சுறாவின் உடற்கூடு குருத்தெலும்பால் ஆனது. அது மட்கிப்போகும், பல் எஞ்சும். இன்று கடலுக்குத் தொலைவிலுள்ள தமிழக அரியலூரின் பாறைகளிலும் சுறாப் பற்கள் கிடைப்பது இதனால்தான். ஏறத்தாழ 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்த மெகலோடான் என்னும் மாபெருஞ் சுறாவையும் பெரும்பாலும் பற்களைக் கொண்டே அறிகிறோம்.

அப்பற்களின் விளிம்பு, பெருவெண்சுறாவின் பல்லைப் போலவே அரம்போன்றது. அவ்வொப்புமையால் 19ஆம் நூற்றாண்டில் லூயி அகாசி இரண்டையும் ஒரே பேரினத்துள் அடக்கினார்; மெகலோடான் பெருவெண்சுறாவுக்குப் பாட்டன் என்ற எண்ணமும் வேரூன்றியது. ஆனால், பெரு நாட்டில் கிடைத்து 2012இல் பெயரிடப்பட்ட புதைபடிவம், பெருவெண்சுறா மாக்கோச் சுறாவின் வழிவந்தது என்பதற்குச் சான்றாயிற்று. ஆக, மெகலோடான் பாட்டன் அன்று. பழங்கிளையில் பிரிந்த பங்காளி.

பற்களிலுள்ள துத்தநாகத்தை ஆராய்ந்தோர், அவ்விரண்டும் ஒரே இரைக்குப் போட்டியிட்டிருக்கலாம் என 2022இல் எழுதினர். உறவையும் போட்டியையும் ஒருங்கே உணர்த்த, 'பங்காளி'யினும் பொருத்தமான சொல் உண்டோ?

இல்லத்தில் முறைப்பெயர் பிழைத்தால் உடனே திருத்துகிறோம். வகுப்பறையில் 'மூதாதை' என எழுதுமுன்னும் அவ்வாறே உறவை ஆராய்வோம். பிழையற்ற சொல்லே அறிவியலுக்கு நாம் செய்யும் தமிழ்த்தொண்டு.