விலை ஜாபிதாவும் வி.பி.பி.யும்

(சங்கராபுரத்தில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்முள் கடை வைத்து வாழ்வோர் பலர். கைப்பேசி வழியாக நடக்கும் வியாபாரம் நம் கடைத்தெருவை விழுங்கிவிடுமோ என்னும் கவலை அவர்களை அரிக்கின்றது. ஆதலின், முகங்காணாமல் நடந்த பழைய வியாபாரம் ஒன்று எங்ஙனம் வளர்ந்து எங்ஙனம் தேய்ந்தது என்பதைச் சொல்லப் புகுந்தேன்.

விலை ஜாபிதாவை அனுப்பியே சரக்கு விற்கும் முறையை 1872-இல் சிகாகோ நகரத்தில் மாண்ட்கோமரி வார்டு என்பார் ஒற்றைத் தாளில் தொடங்கினார். நம் நாட்டில் அதற்கு வழி திறந்தது தபால் இலாகா. 1877-இல் ஏற்பட்ட வி.பி.பி. முறைப்படி வணிகர் பார்சலைத் தபாலில் சேர்ப்பார். பெறுவோர் விலையைத் தபாற்காரரிடம் செலுத்தி வாங்குவார். அப்பணம் மணியார்டராக வணிகரை அடையும். இரயில் எட்டிப் பாராத நம்மூர் போன்ற இடங்களிலும், ஒரு கார்டு எழுதினால் சென்னைப் பட்டணத்துச் சரக்கு வீடு தேடி வரலாயிற்று.

பழைய தமிழ்நூல்களின் கடைசி ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள். நிகண்டு, அந்தாதி, மருத்துவ வாகடம் என நூற்பெயரும் விலையும் நிரல்பட அச்சாகியிருக்கும். தமிழ் பயின்ற எம்மனோர்க்கு அப்பட்டியல்களே ஓர் இலக்கிய வரலாறு. ஆனந்த விகடனை 1928-இல் வாங்கிய எஸ். எஸ். வாசன் அவர்களும் அதற்கு முன்னர்த் தபால்வழி வியாபாரம் நடத்தியவரே.

பின் ஏன் அது தேய்ந்தது? ஊர்தோறும் கடைகள் பெருகின, பேருந்து வந்தது. அமெரிக்காவிலும் சீயர்ஸ் கம்பெனியாரின் பெரிய ஜாபிதா 1993-இல் நின்றது. ஆயினும் யான் பெரிதாகக் கருதும் காரணம் வேறு. பணம் கட்டிய பின்னரே பார்சலைப் பிரிக்கலாம் என்பது விதி. படத்திற் கண்ட கடிகாரம் ஒன்று, உள்ளிருக்கும் கடிகாரம் வேறொன்று எனில் யாது செய்வது? தபாலாபீசு தூதேயன்றிப் பிணையன்று. வணிகர்க்கும் இடர் உண்டு. ஆர்டர் எழுதிவிட்டுப் பார்சல் வந்தபோது மறுப்பாரும் இருந்தனர். தபாற்கூலி வணிகர் தலையில் விழுந்தது. இரு திறத்தாரும் ஒருவரையொருவர் ஐயுற்றனர். நேர்மையான வணிகரும் அவ்வையத்திற்கு இரையாயினர், அதுதான் கொடுமை.

2010-இல் பிளிப்கார்ட்டு கம்பெனியார், பொருள் கைக்கு வந்தபின் பணம் தரலாம் என்றபோது பலரும் அதனைப் புதுமை என்று வியந்தனர். அது நம் பழைய வி.பி.பி.யின் பேரப்பிள்ளையே! அதனோடு, ஒவ்வாத பொருளைத் திருப்பி அனுப்பும் வசதியும் இப்புதிய வணிகத்திற் சேர்ந்தது. பழைய ஓட்டை அவ்விடத்தேதான் அடைபட்டது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று நம்மவர் ரசீதுகளில் இன்னும் அச்சிட்டு வருகின்றனரே, அவ்வரியை வரும் தீபாவளிக்கு முன்னர் நீக்கலாமா என்பதை இக்கூட்டத்திலேயே கடைக்காரர்கள் கலந்து பேசும்படி வேண்டுகின்றேன்.